அவன் வண்டியை ஓட்டிய ஒன்பது நாள்

துறைமுகத்தில் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டும் எனக்கும் என் நண்பனுக்கும் கார் ரேஸ் பைத்தியம் பிடித்தது ஒரு வேலைநிறுத்தத்தின்போது. வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு நாள்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தோம். நண்பன் செல்போனில் எதையோ தேடப்போய் ஒரு ரேஸ் வந்து விழுந்தது. அதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை ரேஸ் இருந்து இரண்டு பேரும் ஊரில் இருந்தால் ஒரே வண்டியின் கேபினில் ஏறிப் பார்ப்போம்.

அவனுக்குச் சொந்த ஊர் ஏரல் பக்கம். ஒரே கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தோம். அன்று அவன் பஸ் தாமதமாக வந்தது. முதலில் போய் நின்ற எனக்குப் புது வண்டியின் சாவியைக் கொடுத்தார்கள். அவனுக்கு மூன்று டிரைவர்கள் ஓட்டித் தேய்த்த பழைய வண்டி. வேறு காரணம் எதுவும் கிடையாது.

ரேஸ் பார்க்கும்போது எங்களுக்குள் தகராறுதான். ஜெயித்தவன்தான் பெரியவன் என்பது என் கட்சி.

"ஏலே, அவனா ஜெயிக்கான்? வண்டில்லா ஜெயிக்கு. அந்தா பதினோராவதா வாரான் பாரு, அவன்தாம்ல ஓட்டுதான்" என்பான் அவன்.

"அப்ப நல்ல வண்டிய இவன்ட்ட ஏன் குடுத்தான்? சும்மாவா குடுப்பான்?"

"ஒரு டீம்ல ரெண்டு பேரு இருக்கான்லா. ரெண்டு பேருக்கும் ஒரே வண்டி. அதுல எவன் முந்துதானோ அவனத்தான் பேசணும்."

"ஒரே டீம்னாலும் புது சாமான் முதல்ல எவன் வண்டில மாட்டுதான்னு நீ கண்டியா?"

சிரித்துவிடுவான். "அதுஞ்சரிதான். அப்ப ஒருத்தனையும் சொல்ல முடியாது, போ."

எங்கள் ஆபீஸ் போர்டில் மாதாமாதம் டீசல் மைலேஜ் பட்டியல் ஒட்டுவார்கள். மேலே என் பெயர் இருக்கும், கடைசியில் அவன் பெயர். அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. ரேஸைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுடைய அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து அவன் லீவில் போன சமயம், என் வண்டி கியர்பாக்ஸ் வேலைக்காக ஒர்க் ஷாப்பில் நின்றது. ஒன்பது நாள் அவன் வண்டியை நான் ஓட்டினேன். எட்டயபுரம் தாண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைந்தது. பிரேக் மிதித்தால் வண்டி இடதுபக்கம் இழுத்தது. மேட்டில் மூன்றாவது கியர் நிற்காமல் துள்ளி வெளியே வந்தது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஏறினேன். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வேனில் மோதாமல் நூலிழையில் தப்பினேன். இந்த வண்டியைத்தான் அவன் ஆறு வருஷமாக ஓர் உரசல் இல்லாமல் ஓட்டியிருந்தான். கணக்குப் பார்த்தால், அவன் எடுத்த மைலேஜ்கூட எனக்கு வரவில்லை.

திரும்பி வந்ததும் வண்டியைப் பற்றிக் கேட்டான். "எப்படில இருந்தா நம்ம கிழவி?"

"நல்லாத்தாம்ல இருக்கு" என்றேன்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாவியை வாங்கிக்கொண்டான்.

அடுத்த மாதம் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது.

"அவன் வண்டிய நீயும் ஓட்டுனேல்லா. மைலேஜ் வராத கொற வண்டிலயா, ஆள்கிட்டயா?"

"வண்டி பரவால்ல சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அவன்மீது பொறாமை இல்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை. குறை வண்டியில்தான் என்று சொன்னால் போர்டில் என் பெயர் மேலே இருப்பதற்கு அர்த்தம் இல்லாமல் போகும். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

வளைகுடாவில் தண்ணீர் டேங்கர் ஓட்ட விசா வாங்கினான். கிளம்பும் முன் வண்டிகள் நிற்கும் யார்டுக்கு வந்தான். "புது வண்டியாம்ல. ஏசி எல்லாம் இருக்காம்" என்று என் தோளில் தட்டினான். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வான். மேனேஜரிடம் சொன்னதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அவன் ரேஸைப் பற்றி ஆரம்பிப்பான், நானும் அதிலேயே போய்விடுவேன். மூன்றாவது வருஷம், வேலை முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உடல் வந்த அன்று நான் லோடோடு கரூரில் நின்றேன்.

பதினாறு கழிந்துதான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவிய ஒங்கள பத்தித்தான்ணே பேசுவாவ. ஒங்களுக்கு அம்மை போட்டிருந்தப்ப ஒங்க வண்டிய ஒரு வாரம் ஓட்டுனாவல்லா? வீட்டுக்கு வந்து, 'அந்த வண்டில அவன் எடுத்த மைலேஜ் எனக்கு வரல ஏளா, அவன் கை வேற'ன்னு சொன்னாவ. வாரவிய போறவியட்டல்லாம் சொல்லுவாவ."

அந்த ஒரு வாரத்தை நான் மறந்தே போயிருந்தேன். பழகாத வண்டியில் யாருக்குமே கை தடுமாறும். எனக்கும் அப்படித்தான் தடுமாறியிருக்கும். எங்களில் யார் நல்ல டிரைவர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தான் கண்டதை அவன் ஊரெல்லாம் சொன்னான். கேட்ட இடத்தில்கூட நான் சொல்லவில்லை.

மேனேஜர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவளிடம் சொன்னேன்.

"வேல போன பொறவு ஒரு மாசம் அவிய சரியா ஒறங்கல" என்றாள். "'என் கையிலதான் ஏதும் கோளாறா ஏளா'ன்னு என்னயக் கேட்டுக்கிட்டே கெடந்தாவ."

காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுல்லா. போயிட்டு வாங்கண்ணே."

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.