முழு ஹாபரையும் நித்திரையாக்கின நாள்

அறிக்கையை அனுப்பிய பிறகுதான் பிழை தெரியவந்தது. பின்னேரம் மூன்றரை. நான்கு மணிக்குக் கெடு.

ஏழு கம்பனிகள் வேலை தராமல் என்னை ஏற்கனவே கழித்துவிட்டிருந்தன. இது எட்டாவது, வீட்டிலிருந்தே செய்கிற வேலை. ஓகேமல் என்ற நிரல்மொழியில் ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிக்க ஒரு பழைய லைப்ரரி, ஒரு புதிய லைப்ரரி; லைப்ரரி என்றால் யாரோ முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்பு. வேலைக்கு எடுக்கமுதல் ஒரு பரீட்சையாக, இரண்டையும் ஒப்பிட்டு எது நல்லதென்று எழுதச் சொல்லியிருந்தார்கள். இதுவும் போனால் கத்தார்தான். லீவில் வந்திருந்த மாமா அங்கே ஒரு ஸ்டோரில் எனக்கு இடம் பார்த்துவிட்டார். அம்மா என் பாஸ்போர்ட்டை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாயிற்று.

பாலையூற்றில் எங்கள் வீட்டில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஹாபர் என்று நாங்கள் சொல்கிற துறைமுகத்தடித் தேத்தண்ணிக் கடையில் பிளக்குக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடித்திருந்தேன். என் சோதனை இதுதான்: நூறு மீன்பிடிப் படகுகள், ஒவ்வொன்றும் ஒரு விநாடி காத்திருந்து தான் நிற்கும் இடத்தை அனுப்பும். புதுசு மொத்தத்தையும் ஒரு விநாடியில் முடித்தது. பழசுக்கு நூறு விநாடி. எனக்குச் சரியான புளுகம், சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. பழசு குப்பை என்பதை மரியாதையான ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் கம்பஸில் என்னோடு படித்த கிண்ணியாக் கூட்டாளி வந்தான். பிளேன்டீயை வைத்துவிட்டு என் நிரலை வாசித்தான். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மச்சான், ஒரு படகத்தானே நித்திரையாக்கணும்? நீ முழு ஹாபரையும் நித்திரையாக்கி வச்சிருக்காய்."

புதுசுக்கு மாதிரி நிரலைப் பார்த்து எழுதியிருந்தேன். பழசுக்கு, எல்லாம் தெரியும் என்ற திமிரில், மொழியோடு வருகிற சாதாரணக் காத்திருப்புக் கட்டளையைப் போட்டிருந்தேன். அது ஒரு படகுக்காக முழு நிரலையும் நிறுத்திவிடும். லைப்ரரியின் சொந்தக் கட்டளைக்கு மாற்றி ஓட்டினேன். பழசும் ஒரு விநாடி.

பேசாமல் விடு, ஒருத்தரும் ஓட்டிப் பார்க்கமாட்டார்கள் என்றான் அவன். பார்த்தால்? 'முதல் அறிக்கை பிழை. பிழை லைப்ரரியில் இல்லை, என்னில்' என்று எழுதி, திருத்திய நிரலையும் சேர்த்து, நான்குக்கு மூன்று நிமிடம் இருக்க அனுப்பினேன்.

கம்பனியிலிருந்து பதில் உடனே வந்தது. முதலாவதை மனேஜர் வாசித்துவிட்டாராம். இரண்டாவதையும் அவருக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அவ்வளவுதான்.

அப்போது அம்மா போன் எடுத்தார். மாமா வாசலில் நிற்கிறாராம், விசா அலுவலுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கட்டா என்று கேட்டார்.

"மாமாவுக்குத் தேத்தண்ணி குடுங்கோ அம்மா," என்றேன். "நான் வருமட்டும் தேத்தண்ணி மட்டும் குடுங்கோ."