கைபம்புக்கு ஜாமீன் நின்றவர்

"முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது." கைபம்பின் பிடியை விட்டுவிட்டுக் கலியமூர்த்தி காதைக் குழாயோடு ஒட்டிவைத்துக் கேட்கிறார். டெல்லி மாயாபுரியிலுள்ள அந்த லேத் பட்டறையில் அப்போது யாரும் சுத்தியலைத் தொடக்கூடாது. அங்குள்ள பஞ்சாபித் தொழிலாளிகளுக்குத் தமிழில் வேறொன்றும் தெரியாது. ஒன்றிலிருந்து நாற்பதுவரை மட்டும் தலைகீழ்ப் பாடம்.

அதென்ன நாற்பது என்று கேட்டால், "ஒரு கொடம் ரொம்ப நாப்பது அடி. அதுக்கு மேல அடிக்க வச்சா அந்தப் பொம்பளை நம்மளத்தான் திட்டுவா" என்பார்.

மன்னார்குடிக்காரர். வயது நாற்பத்தாறு. கிராமங்களுக்குக் குடிநீர் வசதி செய்துதரும் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் டெல்லி அலுவலகத்தில் பரிசோதகர் வேலை. கரோல் பாகில் ஒன்றரை அறை வாடகை வீடு. விருந்துக்குப் போன இடத்திலும் குழாயைத் திருகிப் பார்க்காமல் இலையில் உட்கார மாட்டார். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எங்க வீட்டுக் கெணத்து உருளையிலதான் கண்ணு. என்னைய எப்பப் பாத்தாருன்னு இன்னும் தெரியல" என்று அவர் மனைவி வடிவு சொல்வார். கலியமூர்த்தி இதை மறுத்ததில்லை.

நிறுவனத்துக்கு அதுவரை பம்பு செய்துகொடுத்தது ஓர் அரசாங்கத் தொழிற்சாலை. கேட்டால் ஒன்றரை வருஷம் கழித்து வரும். தனியார் பட்டறைகளையும் இந்த வேலையில் சேர்க்கவேண்டும் என்று மேலதிகாரி பாலசுப்ரமணியத்திடம் மல்லுக்கு நின்றவர் இவர்தான்.

"பிரைவேட்காரன் லாபத்துக்குன்னே பொறந்தவன்யா. தர்ம காரியத்துல அவனுக்கு என்ன வேலை?"

"சாமான் விக்கிறவனா பாக்காதீங்க சார், கூட்டாளியா சேத்துக்குங்க. பம்பு வரைபடத்தக் குடுத்து, பக்கத்துல நின்னு சொல்லிக்குடுப்போம். தண்ணி வந்தா, பம்பு செஞ்சது யாருன்னு கொடம் கேக்குமா?"

வாயோடு நிற்காமல், ஹர்பன்ஸ் சிங்கின் மாயாபுரிப் பட்டறைக்கு நான் பொறுப்பு என்று கோப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதைப் படித்த டென்மார்க் தலைமை அதிகாரி, ஓர் அம்மையார், நேரில் பார்க்க விமானம் ஏறி வந்தார். ஒரு பம்பைக் கிராமத்தில் நட்டுக் காட்டவேண்டும். தண்ணீர் வந்தால் இன்னும் பல பட்டறைகள் கூட்டுச் சேரும். வராவிட்டால் அந்தக் கதவு அத்தோடு மூடிவிடும், கலியமூர்த்தியின் பேச்சு இனி எடுபடாது.

இது நடந்தது போன மார்ச்சில், டெல்லியை ஒட்டிய நஜஃப்கர் பக்கத்து ஊர் ஒன்றில். பச்சை வண்ணத்தில் பம்பு பளபளத்தது. குடத்தோடு பெண்கள் வரிசைகட்டி நின்றார்கள். கலியமூர்த்தி அடித்தார். நாற்பது ஆயிற்று, அறுபதும் ஆயிற்று. காற்றுதான் வந்தது. பாலசுப்ரமணியம் திட்டவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

இரும்புத் தண்டை மேலே இழுத்தார்கள். அதன் நுனியில் கிண்ணம்போல ஒரு தோல் வாஷர் உண்டு. தொட்டுப் பார்த்த கலியமூர்த்தியின் விரலெல்லாம் கறுப்பு. பூட் பாலிஷ்! பட்டறையில் இவர் நாற்பது அடித்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போன பிறகு நடந்த திருப்பணி அது.

"விலாயத்து அம்மா பிரிச்சுப் பாத்தா என்ன பண்றது சாஹப், உள்ளயும் அழகா இருக்கட்டுமேன்னு..." என்று ஹர்பன்ஸ் சிங் இந்தியில் இழுத்தார். ஆறடி சர்தார் அரையடியாகிப்போனார்.

கோபம் வந்தால் கலியமூர்த்திக்கு இந்தி மறந்துவிடும். "அடப்பாவி மனுசா! தோலு தண்ணி குடிச்சு உப்பினாத்தானய்யா குழாயக் கவ்வும்? மெழுகப் பூசி அது வாய அடைச்சிட்டியே!" என்று தமிழிலேயே கத்தினார். கத்தி முடிப்பதற்குள் அவருக்கே ஒன்று உறைத்தது. ஏமாற்ற நினைப்பவன் மட்டமான தோலைப் போட்டிருப்பான், யாருமே பார்க்காத இடத்தில் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்க மாட்டான். கோபம் பாதியில் நின்றுபோயிற்று.

ஒரு பெண் வீட்டிலிருந்து வெந்நீரும் அடுப்புச் சாம்பலும் கொண்டுவந்து கொடுத்தாள். கலியமூர்த்தியும் சர்தாரும் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாஷரைத் தேய்த்தார்கள். பிறகு ஒரு மணிநேரம் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். டென்மார்க் அம்மையார் வேப்பமர நிழலில் மோர் குடித்தபடி இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்டை மறுபடி இறக்கியாயிற்று. பதினேழாவது அடியில் குழாய் தொண்டையைக் கனைத்தது. இருபதில் தண்ணீர் கொட்டியது.

"அப்பாடா, போன உசுரு வந்துச்சு" என்று கலியமூர்த்தி வாய்விட்டுச் சொன்னார். கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. பாலசுப்ரமணியம் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "பொழச்சோம்யா" என்றார். அந்தப் பன்மையைக் கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது.

அம்மையார் எழுந்து வந்தார். இதேபோல் வேலை செய்ய இன்னும் எத்தனை பட்டறைகள் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே கலியமூர்த்தியிடம் கைகுலுக்கக் கையை நீட்டினார்.

கலியமூர்த்தி தன் கையைக் கொடுக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் தலைகுனிந்து நின்ற ஹர்பன்ஸ் சிங்கை இழுத்துவந்து, பாலிஷும் சாம்பலும் அப்பியிருந்த அவர் கையை எடுத்து, அந்த வெள்ளைக் கையில் வைத்தார்.