தம்பி ஓட்டிய சின்ன லாரி

ஜப்பானில் ஒரு பண்ணையில் வேலை பார்த்த என் தம்பி மாரடைப்பில் இறந்தபோது, அவன் ஓட்டிய சின்ன லாரியை எங்களுக்கே தருவதாக முதலாளி சொன்னார். அதைப் பாலக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றாள் தம்பி மனைவி. தர்மபுரியில் வண்டிகளுக்குக் காகிதம் போட்டுத்தரும் ஒருவரிடம் போய்க் கேட்டேன்.

"வண்டி எத்தன வருசத்துப் பழசுங்க?"

"பன்னெண்டுங்க."

"மூணு வருசத்துக்கு மேலன்னா உள்ளயே வுடமாட்டாங்க. கப்பல்ல ஏத்திட்டு வந்து மாட்டிக்காதீங்க."

சரி என்றேன். அழுகையோ கோபமோ வரவில்லை. வீட்டில் வந்து சொன்னேன்.

"அப்ப சாவிய மட்டுமாவது அனுப்பச் சொல்லுங்க மாமா" என்றாள்.

ஒரு மாதத்தில் சாவி தபாலில் வந்தது. அவள் அதை வாங்கி பீரோவில் வைத்தாள். நான் தக்காளி மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன்.