கடைசிப் பதினாறு பக்கம்

இது கற்பனை இல்லை. எனக்குக் கதை கட்டவே வராது. இருபத்தாறு வருடமாக ஓர் அச்சகத்தில் அடுத்தவர் எழுதியதைத் திருத்திச் சாப்பிடுகிறவள் நான். ஒற்று விட்டுப்போனால் போடுவேன், துணைக்கால் விட்டுப்போனால் சேர்ப்பேன். எழுதியவருடைய சொல்லை மட்டும் தொட மாட்டேன். அது எங்கள் தொழிலின் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தை ஒரே ஒரு மாலையில், தெரிந்தே மீறினேன். ஏன் மீறினேன் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். மணிகூடச் சரியாகத் தருகிறேன், ஏனென்றால் என் மேசைக்கு எதிரேதான் சுவர்க்கடிகாரம்.

எங்கள் அச்சகத்தில் மாதம் நான்கு பாக்கெட் நாவல்கள் வரும். இரண்டு காதல், ஒன்று துப்பறிதல், ஒன்று ரத்தக்காட்டேரி. காட்டேரி நாவலுக்கு அட்டைப்படம் எப்போதும் ஒன்றுதான். பாழடைந்த மாளிகை, கையில் மெழுகுவர்த்தியோடு ஒரு பெண், அவள் தோளுக்குப் பின்னால் இரண்டு பல். "இருபது வருஷமா நிக்கறா, அந்த மெழுகுவர்த்தி உருகவே மாட்டேங்குதே" என்று மெஷின்காரர் கேலி செய்வார்.

பிழை திருத்துவது இரண்டு பேர் வேலை. ஒருவர் மூலப் பிரதியை உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சுத்தாளைப் பார்த்துச் சிவப்புப் பேனாவால் திருத்துவார். சொற்களைப் படித்தால் மட்டும் போதாது, குறிகளையும் சொல்ல வேண்டும். 'மேற்கோள் திற, எங்கே போனாய், கேள்வி, மேற்கோள் மூடு' என்று ஒரே ராகத்தில் போகும். எனக்குப் படித்தவளை அச்சகத்தில் எல்லோரும் 'வாசிப்பு' என்றே கூப்பிடுவோம். அப்போதே ஏழு வருடப் பழக்கத்தில் அவள் வாய் கண்ணுக்குக் கட்டுப்பட்டுவிட்டது. தாளில் இருப்பது தானாக வாயில் வரும், மனம் வேறெங்கோ இருக்கும். மகளைத் திட்டும்போதுகூட நடுவில் 'கமா' என்று சொல்லிவிடுவதாக அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு வரியைத் தவறுதலாகக் கோடு போட்டு அடித்துவிட்டால், அதன் கீழே வரிசையாகப் புள்ளி வைப்போம். 'இருக்கட்டும், எடுக்காதே' என்று அர்த்தம்.

அந்த மாதக் காட்டேரி நாவல் புதியதல்ல. அன்றைக்கு இருபத்தேழு வருடத்துக்கு முன் வாசிப்பின் அப்பா எழுதியது. அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் இறந்துபோனார். புத்தகத்தை அவள் கண்ணில் காட்டாமல் பெட்டியின் அடியில் வைத்திருந்தார் அவள் அம்மா. அம்மாவும் போன பிறகு அந்த ஒரே பிரதியை அவள் முதலாளியிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பாவின் பெயரை மறுபடி அச்சில் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அதற்குமேல் அவளுக்கு வேறு எண்ணம் இல்லை.

நாவலில் ஒரு குடும்பத்துக்குச் சாபம். அதன் மூதாதை ஒருவர் செத்தும் சாகாமல் அலைகிறார். தலைமுறைக்கு ஒரு முறை, மூத்த பெண்ணுக்கு முப்பது வயது நிறைவதற்கு முந்தின நாள், பொழுது சாயும் நேரத்தில் வாசலுக்கு வருகிறார். அவள் நேசித்த, இறந்துபோன யாராவது ஒருவருடைய குரலில் பேசுகிறார். அவளே வாய்திறந்து உள்ளே கூப்பிட்டால்தான் அவரால் வாசலைத் தாண்ட முடியும். பதினோரு ஃபாரம் திருத்தியிருந்ததால் இவ்வளவும் எனக்குத் தெரியும். ஃபாரம் என்றால் பதினாறு பக்கம். கடைசி ஃபாரம் மட்டும் பாக்கி.

அன்று புதன்கிழமை. மத்தியானம் என் பச்சைக் குடையின் கைப்பிடி விரிசல் விட்டது. பைண்டிங் பிரிவில் வேலை பார்த்த ஓர் அம்மா நான் கேட்காமலே அதை வாங்கி, புத்தகம் தைக்கும் மஞ்சள் நூலை இறுக்கமாகச் சுற்றிக் கொடுத்தார். இப்படிச் சின்னச் சின்ன நல்லதுகளில்தான் கடவுள் நடமாடுகிறார் என்பது என் நம்பிக்கை. இன்றும் அதுதான் என் நம்பிக்கை.

சாப்பிடும்போது வாசிப்பு தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னாள். அப்பாவின் அக்கா சின்ன வயதிலேயே இறந்தவராம். அந்தத் துக்கத்தில்தான் அப்பா இந்த நாவலை எழுதினாராம்.

"அத்தை முப்பது முடியறதுக்கு முந்தின நாள் போயிட்டாங்கக்கா. உடம்புல ரத்தமே இல்லைன்னு டாக்டர் சொன்னாராம். கதவுத் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து திறந்திருந்துச்சாம்."

"உனக்கு எப்ப முப்பது?"

"நாளைக்கு" என்று சிரித்தாள்.

டப்பாவை மூடிவைத்தேன். சீக்கிரம் வீட்டுக்குப் போ, நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எட்டு மணிக்குள் கடைசி ஃபாரம் மெஷினுக்குப் போக வேண்டும், கண் வலியோடு உங்களைத் தனியாக விட்டுப் போவேனா என்று அவள் மறுத்துவிட்டாள். எனக்காகத்தான் அன்று அவள் தங்கினாள். அதை நான் மறக்கக் கூடாது.

எங்கள் அறை மாடியில். வெளிப்பக்கமாக இரும்புப் படி, பதினான்கு படி. ஒரே கதவு. பக்கத்தில் கம்பி போட்ட ஜன்னல், அதில் ஒரு கண்ணாடி உடைந்து பழைய அச்சுத்தாள் ஒட்டியிருந்தது.

மாலை 5.45. நல்ல மழை. கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டடக்... டடக்... டடக்...

வாசிப்பு அப்பாவின் பழைய பிரதியை விரித்து நூற்று எழுபத்தேழாம் பக்கத்தில் தொடங்கினாள். நான் சிவப்புப் பேனாவோடு பின்தொடர்ந்தேன்.

6.10. மெஷின் நின்றது. அச்சுத் தகடு மாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். மழைச் சத்தம் மட்டும்.

6.14. அவள் படித்தாள். படியில் காலடி ஓசை கேட்டது, புள்ளி.

வெளியே இரும்புப் படியில்... டங்... டங்... டங்...

நான் எண்ணினேன். பதினான்கு. மெஷின்காரர் டீ கொண்டுவருகிறார் போல. ஆனால் கதவு திறக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

6.18. மூன்று முறை கதவு தட்டப்பட்டது, புள்ளி.

டொக்... டொக்... டொக்...

"யாரு?" என்றேன்.

 எழுந்துபோய் ஜன்னலில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் பார்த்தேன். கதவோரம் ஒரு தோள் தெரிந்தது. கறுப்புச் சட்டை. அசையவில்லை.

தாழ்ப்பாளைப் போட்டேன்.

"போதும்மா, நிறுத்து" என்றேன். அவள் நிறுத்தவில்லை. கண் தாளில். வாய் அதே ராகத்தில்.

"மேற்கோள் திற, மழையில நனையறேன்மா, கமா, உள்ளே வரலாமா, கேள்வி, மேற்கோள் மூடு."

6.21. கதவுக்கு வெளியே ஓர் ஆண்குரல்.

"மழையில நனையறேன்மா... உள்ளே வரலாமா?"

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது.

"அப்பா..." என்றாள்.

நான் மேசைமேல் இருந்த அச்சுத்தாளைப் பார்த்தேன். அடுத்த வரி என்ன என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

'உள்ளே வாங்க அப்பா.'

அவள் கண் மறுபடி புத்தகத்துக்குத் திரும்பியது. உதடு பிரிந்தது. இடது கையால் அவள் வாயைப் பொத்தினேன். வலது கையால் அந்த வரியை அடித்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக, எழுதியவருடைய வரி ஒன்றை.



பிறகு அந்தக் குரல், மெல்ல... பொறுமையாக... எடுத்துக் கொடுத்தது.

"மேற்கோள் திற..."

என் உள்ளங்கைக்குள் அவள் உதடு அசைந்தது.

"மேற்கோள் திற..."

அச்சுத்தாளைப் பார்த்தேன். நான் அடித்த வரியின் கீழே ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று...

யாரும் வைக்கவில்லை. தானாக ஊறி வந்தன. ஈரமாக. என் பேனாவின் சிவப்பு அல்ல அது.

இருக்கட்டும்... இருக்கட்டும்...

"இருக்காது" என்று சொல்லி மறுபடி அடித்தேன்.

மறுபடி புள்ளிகள்.

மூன்றாம் முறை தாளே கிழிந்தது.

6.27. புத்தகத்தைப் பிடுங்கி மூடி அதன்மேல் உட்கார்ந்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

"அக்கா, அப்பா நனையறார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் பல்லில் இல்லை விஷம். ஒரு பெண்ணின் இரக்கத்தையே சாவியாக்கிக் கதவைத் திறக்கப் பார்க்கிறதே, அதில் இருக்கிறது. அவள் அத்தையும் அப்படித்தான் திறந்திருப்பாள். யாரோ நனைகிறார்களே என்று.

பயந்தேன். இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பயத்துக்கு மேலே கோபம் வந்தது. சாபம் என்பது என்ன? என்றோ செத்த ஒருவருடைய பசி. அதற்காக வீட்டில் அம்மாவுக்குக் காத்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தை அனாதையாக வேண்டுமா? கடவுள் மேல் ஆணையாக, ஆக விட மாட்டேன்.

ஆணியில் தொங்கிய என் குடையை எடுத்தேன். ஜன்னலுக்குப் போனேன். உரக்கச் சொன்னேன்.

"நீங்க யாரா இருந்தாலும் சரிங்க. நனையறேன்னு சொல்றீங்க. குடை தரேன், எடுத்துக்கங்க. இவளைத் தர மாட்டேன்."

உடைந்த கண்ணாடி வழியே கம்பிக்கு நடுவில் குடையை நீட்டினேன்.

நீட்டிய கையை எடுக்கவில்லை.

பிறகு விரல்கள் வந்தன.

என் விரலைத் தொட்டன.

குளிர்ந்திருந்தன. ஆனால்... நனைந்திருக்கவில்லை.

அவ்வளவு மழையில், பழைய புத்தகத்தின் தாளைப் போலக் காய்ந்திருந்தன.

குடை கையிலிருந்து போனது.

படக்.

விரிந்த சத்தம்.

டங்... டங்... டங்...

பதினான்கு.

6.33.

6.40க்கு மெஷின்காரர் டீயோடு மேலே வந்தார். யார் இறங்கிப் போனது என்று கேட்டேன். அரை மணி நேரமாகப் படிக்குக் கீழேதான் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன், ஓர் ஆள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றார். எங்கள் முகத்தைப் பார்த்தார். தன் மழைக்கோட்டைக் கழற்றி வாசிப்புக்குப் போர்த்தி, தானே கூட்டிக்கொண்டுபோய் அவள் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அவரும் நல்ல மனிதர்.

மீதி வேலையை நான் தனியாக முடித்தேன். கதாநாயகி கதவைத் திறப்பதையும் சாவதையும் சொல்லும் பகுதி நூற்று எண்பத்தொன்பதின் நடுவிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றொன்று முடிய இருந்தது. முழுவதையும் அடித்தேன். இந்தத் தடவை புள்ளி வரவில்லை. காலி இடத்தில் காதல் நாவல் விளம்பரங்களைப் போடச் சொல்லி எழுதினேன். 7.50க்கு ஃபாரம் மெஷினுக்குப் போனது.

புத்தகம் வந்ததும் முதலாளி குதித்தார்.

"எழுத்தாளர் எழுதினதை வெட்ட நீங்க யாரும்மா?"

"திருத்தறவ" என்றேன்.

மறுநாள் வாசிப்புக்கு முப்பது நிறைந்தது. இப்போது நாற்பத்தொன்று. மகளுக்குப் பதினாறு. இன்றும் எனக்கு அவள்தான் படிக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் இரண்டு பெண்கள் மழையில் மிரண்டுபோனார்கள் என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் கடைசிப் பக்கத்தை, நூற்றுத் தொண்ணூற்று இரண்டை, நான் அடிக்கவில்லை. அடிக்கக் கை வரவில்லை. அதில் அந்த மூதாதை வீட்டைவிட்டு வெளியேறுகிறார். அச்சில் இருந்தது இது:

'அவர் மழையில் படியிறங்கினார். தலைக்கு மேலே ஒரு பச்சைக் குடை. அது அந்த வீட்டுக் குடை அல்ல. அதன் கைப்பிடியில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது.'

பழைய பிரதியைப் புரட்டினேன். இருபத்தேழு வருடத்துப் பழுப்புத் தாளிலும் அதே வரிகள். வியாழக்கிழமை காலையில் முதல் வேலையாகக் கம்போசிங் செய்பவரிடம் போய், கடைசிப் பக்கத்தை என்றைக்குத் தட்டச்சு செய்தீர்கள் என்று கேட்டேன். பழைய பிரதியில் இருந்ததை அப்படியே திங்கட்கிழமை தட்டச்சு செய்ததாகச் சொன்னார். கணினியைத் திறந்து தேதியையும் காட்டினார்.

என் குடைக்கு நூல் சுற்றியது புதன்கிழமை.

அந்தப் பக்கத்தில் அதற்குக் கீழே இன்னும் ஒரே ஒரு வரி உண்டு. நாவலின் கடைசி வரி.

'கொடுத்தவளிடமே இதைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் வருவேன் என்று அவர் சொல்லிக்கொண்டார்.'

பதினோரு வருடம் ஆகிறது. மழைக்காலத்தில் இருட்டத் தொடங்கினால் என் காது இரும்புப் படிக்குப் போய்விடும்.

வரட்டும். குடையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வேன். பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றியும் சொல்வேன்.

உள்ளே மட்டும் கூப்பிட மாட்டேன்.