விடியாத ஊருக்குப் பார்சல்

வெளிநாட்டுப் பார்சல் கவுண்டரில் உட்காருகிறவளுக்கு உலகத்தில் எல்லா ஊர் வானிலையும் அத்துப்படி. போய்ப் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. மைசூர் மண்டி மொஹல்லாவில், எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் நகர முடியாத ஒரு சந்தில், தராசுக்கும் டேப்புக்கும் நடுவே பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் போல முதுகுவலியோடு கவுண்டரைக் கட்டி அழும் தோழர், தோழியரே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்மிடம் வருகிறவர்கள் பெட்டியை நீட்டிவிட்டுப் போவதில்லை. பிள்ளை அங்கே என்ன சாப்பிடுகிறான், ஏன் போன் எடுப்பதில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் போவார்கள்.

முன்பெல்லாம் துபாய், அமெரிக்கா என்று போய்க்கொண்டிருந்தது. இரண்டு மூன்று வருஷமாக நார்வே, பின்லாந்தின் வடகோடி ஊர்களுக்கும் பார்சல் போகிறது. நவம்பர் கடைசியில் காணாமல் போகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் அங்கே மறுபடி தலைகாட்டும். அந்த இருட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கவுண்டரில் தெரிந்துகொண்டதுதான். அதில் நான் செய்த ஒரு தப்பும் சேர்த்தி.

பேட்டரி போகாது

ஹனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மகன் பின்லாந்தில் ஏதோ ஓட்டலில் சமையல் வேலை. பையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு டார்ச் லைட்டை எடுத்து வைத்தார். உள்ளே பேட்டரி கனமாக உருண்டது. பேட்டரியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றேன். பேட்டரி இல்லாத டார்ச்சை வைத்துக்கொண்டு பையன் என்ன செய்வான் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

தெருவிளக்கு பகலிலும் எரியும், வீட்டுக்குள் கரண்ட் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். அவருக்கு ஆறவில்லை. டார்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கியவர், பாதிச் சந்து போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டார்: "ஏனுங்கம்மா, ரெண்டு மாசத்துக்குப் பொழுதே விடியாதுன்னா, அந்த ஊர்ல எத்தன மணிக்குங்க மாட்டுல பால் கறக்கறது?"

நெய்

அக்ரஹாரத்திலிருந்து ஒரு மாமி. மகன் நார்வேயில் ஆராய்ச்சி மாணவன். ஒரு கிலோ மைசூர்பாகை, நெய் கசிந்த டப்பாவோடு தராசில் வைத்தார். பால், நெய், மாமிசம் எதுவும் அந்த நாட்டுக்குப் போகாது, சுங்கத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்றேன். மைசூர்பாகைக் குப்பையில் போடுகிற தேசம் ஒன்று இருக்கிறது என்பதை நம்பவே அவருக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது.

அப்புறம் குரல் இறங்கிப்போய்ச் சொன்னார். பகல் இரண்டு மணிக்கு போன் போட்டால் பிள்ளை தூங்குகிறானாம், சாயங்காலம் போட்டாலும் தூங்குகிறானாம். எழுந்து என்ன ஆகப்போகிறது என்கிறானாம். கூடவே கொண்டுவந்திருந்த கருவேப்பிலைப் பொடியை மட்டும் வைத்துக் கட்டினேன். போகும்போது, சட்டம் போட்டதே நான்தான் என்பது போல என்னைப் பார்த்துச் சொன்னார்: "வெயிலும் கிடையாதுங்கறேள், நெய்யும் கூடாதுங்கறேள், அப்புறம் அந்தக் கொழந்தை எதை வச்சுண்டுதான் இருக்கும்?"

ஒரு மார்க் கேள்வி

சேவியர் சார் ரிட்டயரான பூகோள வாத்தியார். மனைவி இல்லை. ஒரே மகள் ஜெனி நர்ஸ். நார்வே வடகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருஷ ஒப்பந்தம். போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது சார்தான், ஜெனி இல்லை. இதை அவரே என்னிடம் சொன்னார். அக்டோபரில் முதல் பார்சல் அனுப்பினார். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் முத்து முத்தான எழுத்தில் பெயர் எழுதி வைத்திருப்பார். முறுக்கு, ரசப்பொடி, அரிசி வடகம், எலுமிச்சை ஊறுகாய். அது பத்தே நாளில் போய்ச் சேர்ந்து, ஜெனி தட்டோடு படம்கூட அனுப்பியிருந்தாள்.

நவம்பர் பாதியில் இரண்டாவது பெட்டி. டிசம்பர் முதல் வாரம் மூன்றாவதைக் கொண்டுவந்தார். வந்துவிடட்டுமா அப்பா என்று ஜெனி கேட்டாளாம். எழுந்தாலும் இருட்டு, வேலைக்குப் போனாலும் இருட்டு, வந்தாலும் இருட்டு, எனக்கு என்னவோ ஆகிறது என்றாளாம். இப்படி ஒரு வேலை மறுபடி கிடைக்காது, இன்னும் ஆறு வாரம் பொறுத்துக்கொள், சூரியன் வந்துவிடும் என்று சார் சொல்லியிருக்கிறார். சொன்னது சரியா என்று என்னைக் கேட்டார். நான் டேப்பைக் கிழித்துக்கொண்டே, எல்லாம் பழகிவிடும் சார் என்றேன். எனக்கென்ன தெரியும்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "போர்டுல உருண்டை வரைஞ்சு முப்பது வருஷம் இதையேதான் பசங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன் மேடம், பரீட்சையில இது வெறும் ஒரு மார்க் கேள்வி."

கேட்ட பதில்

இப்போது என் தப்பு. அந்த ஊர்களில் பார்சலை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார்கள். பக்கத்து மளிகைக் கடையில் வைத்துவிட்டு போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்புவார்கள். நாம்தான் நடந்து போய் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் பார்ப்பார்கள், யாரும் வரவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது பெட்டியைக் கட்டிய அன்றே, இரண்டாவது என்ன ஆயிற்று என்று சார் கேட்டார். கம்ப்யூட்டரில் பார்த்தேன். கடைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் எடுக்கவில்லை என்று இருந்தது. பின்னால் நாலு பேர் வரிசையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். எடுக்கவில்லை என்று சொன்னால் ஏன், எதற்கு என்று அரை மணி நேரம் விளக்க வேண்டும். போய்ச் சேர்ந்துவிட்டது சார் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் நன்றி சொல்வதற்கென்றே ஸ்கூட்டரில் வந்தார். முறுக்கு மொறுமொறுவென்று இருந்தது, ரசம் வைத்துச் சாப்பிட்டேன் என்று ஜெனி சொன்னாளாம். அவர் போன பிறகு மறுபடி பார்த்தேன். பெட்டி கடையிலேயேதான் இருந்தது. கடைக்காரன் பதிவு செய்ய மறந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா என்றால், இல்லை. அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று அப்போதே புரிந்துவிட்டது. சாரைக் கூப்பிட்டுச் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் போகும்போது அவர் சொன்னது இது: "அவ குரல்ல ஒரு தெம்பு வந்திருக்கு மேடம், எல்லாம் உங்க பார்சல் செஞ்ச வேலை!"

திரும்பி வந்த பெட்டி

ஜனவரி முதல் வாரம் மற்ற சாமான்களோடு அந்தப் பெட்டியும் வந்து இறங்கியது. நான் ஒட்டிய டேப் ஒட்டினபடியே இருந்தது. யாரும் வாங்கவில்லை என்று ஒரு சீட்டு மட்டும் புதிதாக ஒட்டியிருந்தார்கள். பெட்டியைக் காலுக்கடியில் தள்ளிவைத்துக்கொண்டு காலை முழுக்க வேலை பார்த்தேன். பதினோரு மணிக்கு மேல் முடியவில்லை, சாருக்கு போன் செய்தேன்.

வந்தார். சீட்டைப் படித்தார். டேப்பின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார். மூன்றாவதும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டேன். "அப்போ முறுக்கு?" என்றார். "நீங்களும் போய்ச் சேந்துடுச்சுன்னுதான மேடம் சொன்னீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சந்தேகம் கேட்கிற பையனைப் போல மெதுவாகத்தான் கேட்டார். என் வாழ்க்கையில் இவ்வளவு கூனிக்குறுகி நான் நின்றதில்லை.

என் முன்னாலேயே மகளுக்கு போன் போட்டார். மூன்று முறை அடித்து நின்றது, நாலாவது முறைதான் எடுத்தாள். சார் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. வெளியே சந்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "ஜெனி, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், நான் சொன்னது தப்பு, அந்த சூரியனுக்காகக் காத்துட்டிருக்காத, நீ கெளம்பி வந்துடும்மா."

கதவு

பிப்ரவரி கடைசியில் ஒரு பெண் கவுண்டருக்கு வந்து நின்றாள். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கிக்கொண்டு. திரும்பி வந்த மூன்றாவது பெட்டியை வாங்க வந்திருக்கிறேன், சேவியர் சார் மகள் என்றாள். ஸ்டூலில் உட்காரவைத்தேன். நான் கேட்காமலேயே சொன்னாள். கடை பத்து நிமிஷ நடைதானாம். மெசேஜ் வந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு கதவருகே உட்காருவாளாம். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாதாம். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டுப் படுத்துவிடுவாளாம். "அப்பா அவ்ளோ ஆசையா கேட்டாருக்கா, இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்றாள். அதே பொய்யை அதே மனிதரிடம் நானும் சொல்லியிருக்கிறேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அப்புறம் பெட்டியை என் பக்கமே திரும்பத் தள்ளினாள். இதை வேறு விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்றாள். அதே ஊர், அதே கட்டிடம், எதிர் வீடு. கொள்ளேகால் பெண் ஒருத்தி, அவளும் நர்ஸ், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இப்போதுதான் சூரியன் வந்துவிட்டதே என்றேன். "வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுக்கா, அவ இன்னும் ஜன்னல் திரையே விலக்கல" என்றாள். நான் விலாசம் எழுதும்போது என் பேனாவைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள்: "கடையில வச்சுட்டு மெசேஜ் போடறது வேணாங்க்கா, வீட்டுக்கே போயி கதவத் தட்டச் சொல்லுங்க, அவ தெறக்கற வரைக்கும் தட்டச் சொல்லுங்க."

இப்போதெல்லாம் எந்தப் பெட்டியையும் யார் வாங்கினார்கள் என்று தெரியாமல், சேர்ந்துவிட்டது என்று நான் சொல்வதில்லை, அதனால் என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர், சேர்ந்துவிட்டது என்று உடனே சொல்லிவிடுகிற அடுத்த சந்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.