குறுக்கே வராத நாய்

பிரேக் மாஸ்டருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. முப்பத்தோரு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்பவர் பதறினால் மிதிப்பதற்கு. நம் ஆளோ யாரும் பதறுவதற்கு முன்பே மிதித்துவிடுவார். சைக்கிள் மணி கேட்டால் மிதிப்பார், காற்றில் காகிதம் பறந்தால் மிதிப்பார். சினிமாவுக்குப் போனாலும், திரையில் லாரி வந்தால் முன்சீட்டுக்காரர் முதுகில் ஓர் உதை விழும். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள், அத்தனை பேரும் நெற்றியைத் தடவிக்கொண்டே லைசென்ஸ் வாங்கியவர்கள்.

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவருக்கு வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் நேரமில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. சீசன் முடிந்து சுற்றுலாக் கூட்டம் கலைந்த பிறகு, ஆறு மணி நேரத் தொலைவில் கடலை ஒட்டிப் போகும் நாலு கிலோமீட்டர் சாலையில் தானே கார் ஓட்டிப் போக வேண்டும். நச்சரித்து நச்சரித்து ஒருவழியாக ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள். மூன்றே வாரத்தில் கியர் மாறுவதே தெரியாத அளவுக்கு நைசாக மாற்றினாள். நாலாவது வாரம், பள்ளிக்கூட மதில் ஓரத் திருப்பம். வேகத்தைக் குறைத்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், பாந்தமாகத் திருப்பினாள். மாஸ்டரின் கால் மிதித்துவிட்டது. கார் குலுங்கி நின்றது.

"என்னங்க, நான் என்ன தப்பு பண்ணேன்?"

கால் பழக்க தோஷம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. பின்சீட்டில் ஒரு வங்கி குமாஸ்தாவும் ஒரு நர்சும் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் மாஸ்டருக்குத் தன் மானம் பெரிதாகப் பட்டது.

"நாய் குறுக்க வந்துச்சு. நீ பாக்கல."

நாயும் வரவில்லை, பூனையும் வரவில்லை. குமாஸ்தா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டார். அவள் கதவைத் திறந்து இறங்கினாள். அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "எனக்குக் கவனம் பத்தாதுங்க. வாயில்லா ஜீவனைக் கொன்னிருப்பேன், இவர்தான் காப்பாத்தினார்" என்று புருஷனைப் பெருமையாகவே சொன்னாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவருக்கு மூன்று வேளையும் கிடைத்தது, அவள் கையாலேயே. உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தார். நாளைக்கு ஆகட்டும் என்று சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

போன மாதம் அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன். சர்க்கரை செய்த வேலை. ஆள் நடமாட்டம் தெரியும், முகம் தெரியாது, இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வாய்க்கு வாய் சொல்கிறோம். நிஜமாகவே கண் கெட்ட வீட்டில் அதை எந்த வாயால் சொல்வது?

"இப்ப அந்தக் கடலோர ரோடு காலியாத்தான் இருக்கும். நான் அலையக் கூடாதாம். நீங்களாவது போய்ப் பாத்து, எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

மச்சினியைத் துணைக்கு வைத்துவிட்டு மாஸ்டர் விடியற்காலையில் கிளம்பினார். ஸ்கூலை மூடியும் காரை விற்கவில்லை, இரண்டாவது பிரேக்கைக் கழற்றவும் மனசு வரவில்லை. ஆறு மணி நேரமும் காலி சீட்டின் முன்னால் அந்தப் பிரேக் சும்மா கிடந்தது. வழியில் டீ குடிக்கக்கூட அவர் இறங்கவில்லை.

கடற்கரையில் லாட்ஜ்கள் பூட்டிக் கிடந்தன. ஐஸ்கிரீம் கடைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிச் சங்கிலி போட்டிருந்தார்கள். சாலையின் ஓரமெல்லாம் மணல் ஏறியிருந்தது. நாலு கிலோமீட்டரில் ஒரு வளைவு இல்லை, ஒரு மனுஷர் இல்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிடத் தோதான சாலையை அவர் முப்பத்தோரு வருஷத்தில் பார்த்ததில்லை. கொஞ்சம் மோசமான சாலையாக இருந்திருக்கலாமே என்றுகூட நினைத்தார். கடைசியில் காரை நிறுத்தி வீட்டுக்குப் போன் போட்டார்.

"எப்படி இருக்கு?"

"ரோடு நேரா இருக்கு. யாருமே இல்ல. நீ ஓட்டியிருக்கலாம்."

"நான் எங்க ஓட்டறது? அங்கயும் ஒரு நாய் குறுக்க வந்திருக்கும்" என்று சிரித்தாள்.

மாஸ்டருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அன்னைக்கு நாய் எதுவும் வரல. என் கால்தான் சும்மா மிதிச்சுருச்சு. ரெண்டு பேர் முன்னாடி வெக்கமாயிருந்துச்சு, பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. திட்டினால் தேவலை என்று இவருக்கு இருந்தது.

"அப்ப நான் சரியாத்தான் திருப்பினேனா?"

"சரியாத்தான் திருப்பின."

"கண்ணாடி பாத்தேனா?"

"பாத்த."

"டெஸ்ட் வச்சிருந்தா?"

"முதல் தடவையே பாஸ் பண்ணியிருப்ப."

போன் எதிலோ உரசுகிற சத்தம் கேட்டது, பிறகு மச்சினியின் குரல் வந்தது.

"மாமா, அக்கா என்னமோ ரெண்டு கையையும் தூக்கி வெறும் காத்துல இப்படி இப்படித் திருப்பிக்கிட்டு அழறா. என்ன சொன்னீங்க?"