கறுப்பு வந்தா சொல்லு

பெரியப்பா வீட்டில் பேய் இருந்ததை எங்களிடம் யாரும் மறைக்கவில்லை. பெரியப்பாவே சொல்லுவார். அது பெரியம்மா.

பெரியப்பா புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர். தென்பிரான்ஸில் துலோன் துறைமுகத்தில் இருந்தபோது, பக்கத்து ஊரான பாந்தோலில் திராட்சை பயிரிட்ட ஒருவரின் மகளைக் கட்டிக்கொண்டார். பட்டாளத்தை விட்டதும் இருவரும் மெல்பர்னுக்கு வந்து ஸ்பிரிங்வேலில் ஒரு மரவீடு வாங்கினார்கள். பிறகு அவர் எழுதிப்போட்டுத்தான் அப்பா, அம்மா, நான் மூவரும் வந்து வெரிபீயில் குடியேறினோம். அதற்குள் பெரியம்மா மாரடைத்து, அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே சாய்ந்து இறந்துபோயிருந்தார்.

சீதனமாக அவர் கொண்டுவந்தது இரண்டு மரப்பெட்டி சிவப்பு ஒயின். அவருடைய அப்பா செய்தது. மலைச்சரிவில் கல்கட்டி வளர்த்த கொடி, கையால் பறித்த பழம், ஒன்றரை வருடம் மரப்பீப்பாய், அதற்கப்புறம் பாட்டிலுக்குள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் தூங்கும் என்று பெரியப்பா பெருமையடிப்பார். எனக்கு அது பழைய செருப்பு வாசனையாகத்தான் இருந்தது.

வருடத்துக்கு ஒரு பாட்டில். பெரியம்மா இறந்த நாளில், நடுப்பகலில். ஊரில் என்றால் வடை பாயசத்தோடு படைத்திருப்பார்கள். பெரியம்மாவுக்கு ரொட்டியும் ஒலிவக்காயும் இந்த ஒயினும். அம்மா அந்த வீட்டுப் படியேற மாட்டாள். அப்பா என்னை மட்டும் இறக்கிவிட்டு அம்மாவோடு கடைத்தெருவுக்குப் போய்விடுவார். பேய்க்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் நான்.

என் வேலை பார்ப்பது. பழைய ஒயினில் மண்டி படிந்திருக்கும். மூன்று நாள் நிமிர்த்தி வைத்த பாட்டிலை மெல்லச் சாய்த்துக் கண்ணாடிக் கூஜாவில் ஊற்ற வேண்டும். பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தி எரியும். சிவப்புக்குள் மண்டி கறுப்பு நூலாக ஊர்ந்து வருவது அந்த வெளிச்சத்தில் தெரியும். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, "கறுப்பு வந்தா சொல்லு பாப்பா" என்பார். நான் "வந்துடுச்சு" என்றதும் நிறுத்திவிடுவார். பிறகு இரண்டு கிண்ணம். ஒன்று அவருக்கு, ஒன்று எதிர் நாற்காலிக்கு. அந்த நாற்காலியோடு பிரெஞ்சில் பேசுவார். நடுவில் நிறுத்தி, பதில் கேட்பதுபோலத் தலையாட்டுவார். ஒரு தடவை சிரித்தேவிட்டார்.

அப்பாவின் கவலை வேறு. பெரியப்பா வாசற்படியில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதிலிருந்து ஒரே பாட்டுத்தான். "தனியா சமாளிக்க முடியலேன்னு தெரிஞ்சா, வீட்ட வித்துட்டு அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்ண்ணே."

"நான் வந்துட்டா அவ தனியா இருப்பாளேடா" என்பார் பெரியப்பா.

கலர் டி.வி. வந்த வருடம் அது. எனக்குப் பத்து வயது. வழக்கம்போல நான் மெழுகுவத்தியை ஏற்றினேன், பெரியப்பா ஊற்றத் தொடங்கினார். ஜன்னல் சாத்தியிருந்தது, கதவு சாத்தியிருந்தது. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, எதிர் நாற்காலியிலிருந்து யாரோ ஊதியதுபோல. அணைந்துவிட்டது.

அவர் நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. இருட்டில் ஒயின் கூஜாவுக்குள் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"கறுப்பு வந்துச்சா பாப்பா?"

எல்லாமே கறுப்பாகத்தான் இருந்தது. வெகுநேரம் கழித்து "வந்துடுச்சு" என்றேன். அவர் ஒரு வாய் குடித்தார். நாக்கில் பட்ட மண்டியை விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு எதிரே திரும்பி மெதுவாக ஏதோ கேட்டுவிட்டு, "இன்னிக்கு உங்க பெரியம்மா பேசமாட்டேங்கறா" என்றார்.

காரில் ஏறியதும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். பெரியம்மா மெழுகுவத்தியை ஊதிவிட்டார், பெரியப்பா இருட்டிலேயே ஊற்றினார், அணைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அம்மா கந்தசஷ்டி சொல்ல ஆரம்பித்தாள். அப்பா காரை ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். அவருக்கும் பேய்ப்பயம் என்று நினைத்தேன். வண்டியைத் திருப்பினார்.

திரைச்சீலைகளை விலக்கி, என்னை வாசலில் நிற்கவைத்து, அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாப்பா என்ன கலர்ல கவுன் போட்டிருக்காண்ணே?"

பெரியப்பா முகத்தை என் பக்கம் சாய்த்தார். கறுப்பு வந்துச்சா என்று கேட்கும்போது சாய்க்கிற அதே சாய்வு. நான் சொல்லுவேன் என்று காத்திருந்தார். பரீட்சையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று பள்ளியில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"செவப்பு" என்றார் கடைசியில்.

நான் பச்சை கவுன் போட்டிருந்தேன். அப்பா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது கிறீச்சிட்டது.

"அதுல அவ இருக்கா" என்றார் பெரியப்பா. "எந்திரிடா."

இரண்டு மாதத்தில் வீடு விற்றுப்போனது. பெரியப்பா எங்களோடு எட்டு வருடம் இருந்தார். அம்மா அவரைக் குறைவில்லாமல்தான் பார்த்துக்கொண்டாள். என் மேல் அவர் கோபப்பட்டதே இல்லை, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. மிச்சமிருந்த பாட்டில்கள் என் கட்டிலுக்கடியில் படுத்துக் கிடந்தன. முதல் வருடம் அந்த நாள் வந்தபோது நானே ஒன்றை மூன்று நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, நடுப்பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மெழுகுவத்தியும் ஏற்றினேன். பயத்தை விழுங்கிக்கொண்டு அவர் எதிரே ஒரு நாற்காலியும் போட்டேன்.

பெரியப்பா கையை நீட்டி நாற்காலியின் முதுகைத் தடவினார், உட்காரும் பலகையைத் தடவினார். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"வேண்டாம் பாப்பா, இங்க யாரும் இல்ல" என்றார்.

எங்கள் வீட்டில் பேய் இல்லை என்று அவரே சொல்லிவிட்டதில், அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.